விசுவாசத்தில் அடித்த பேனர்

எங்கள் பள்ளியில் நான் தமிழாசிரியை. சம்பளம் அதற்குத்தான் வருகிறது. ஆனால் என் ஆயுளில் பாதியைத் தின்றது தமிழ் அல்ல, செய்தி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை ஒலிபெருக்கி முன்னால் நின்று வாசிக்கிறதே, அந்தச் செய்தியை எழுதிக் கொடுப்பது நான். உலகம், நாடு, விளையாட்டு, கடைசியில் பள்ளிச் செய்தி. முதல் மூன்றையும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் செய்தித்தாளைப் பார்த்துச் சுருக்கிவிடலாம். நான்காவதற்குத்தான் நாக்குத் தள்ளிவிடும்.

தினமும் ஒரு பள்ளியில் என்ன சாதனை நடந்துவிடும்? மாவட்ட அளவில் ஓவியப் போட்டியில் மூன்றாம் பரிசு. வட்டார அளவில் கோ-கோ, அரையிறுதி வரை. திருமறைத் தேர்வில் முதலிடம். சாரணியர் முகாமுக்குப் போய்த் திரும்பினார்கள். ஒன்றும் இல்லாத நாளில், பத்தாம் வகுப்பு மாணவியர் வளாகத்தைச் சுத்தம் செய்தனர். வாக்கியம் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். இதையே கொஞ்சம் நீட்டினால் திருமண்டலப் பத்திரிகைக்கு, இன்னும் நீட்டினால் ஆண்டறிக்கைக்கு, சுருக்கிப் படம் சேர்த்தால் வாட்ஸ்அப் குழுவுக்கு. ‘சாதனை படைத்தனர்’ என்று எழுதி எழுதி எனக்கு அந்தச் சொல்லில் உப்புச்சப்பே இல்லாமல் போய்விட்டது. வீட்டில் குக்கர் சரியான நேரத்தில் விசில் அடித்தால்கூட, ‘சாதனை படைச்சிட்டு’ என்று என் கணவர் கேலி செய்வார்.

எல்லாச் செய்திக்கும் தலைச்செய்தி ஒன்று உண்டு. அது வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் வரும். பிளஸ் டூவில் நூறு சதவீதத் தேர்ச்சி. எங்களுடையது கிறிஸ்தவத் திருமண்டலம் நடத்துகிற, அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. சுற்றிலும் வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளுகிற பள்ளிகள் வந்துவிட்டன. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி என்று போய்விடும். பள்ளிக் கட்டடம் பழையது, கழிவறைக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. எங்களிடம் காட்டிக்கொள்ள இருந்தது அந்த நூறு ஒன்றுதான். அதனால் அந்த நூறைப் பற்றி எங்கள் தலைமையாசிரியை பேசும்போது நான் சிரித்ததில்லை. அவரும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கு ஊர் சாத்தான்குளத்துப் பக்கம், எனக்கு நாசரேத். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி, அவருக்குச் சர்க்கரை கூடுதல்.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். வீடு முத்தையாபுரம். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அம்மா இறால் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய் இறால் உரிக்கிறவர். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஒரு வயல்காட்டு ஊர். குத்தகைக்கு நெல் போட்டுக் கட்டுப்படியாகாமல் இங்கே வந்துவிட்டார்கள். பஸ் கூட்டத்தினால் பிள்ளை அடிக்கடி நேரம் கழித்து வருவாள். நேரம் கழித்து வருகிறவர்களை மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்துவது எங்கள் வழக்கம், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

ஒரு நாள் செய்தி வாசிக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். வேறு ஆளைத் தேடி நான் திரும்பினால் இவள்தான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். தாளைக் கையில் கொடுத்து, ‘வாசி’ என்றேன். ஒலிபெருக்கி வழக்கம்போல் கீச்சென்று கத்தியது. இவள் ஒரு எட்டுப் பின்னால் போய், கத்தல் அடங்கும்வரை நின்று, அதற்கப்புறம் ஆரம்பித்தாள். குரலில் அவசரமே இல்லை. பஸ்ஸில் எழுதியதால் ஒரு வாக்கியத்தை நான் பாதியில் விட்டிருந்தேன். அந்த இடமும் வந்தது. அவள் ஒரு நொடிகூடத் தடுமாறாமல், ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று தானே முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து பிளஸ் டூ வரை அவள்தான் எங்கள் செய்தி வாசிப்பாளர்.

“எங்கன ஏளா படிச்ச இத?” என்று கேட்டேன்.

“எங்க வீட்டுப் பக்கத்துலதான் டீச்சர் லாரிக்குத் தண்ணி நெரப்புவாங்க. மோட்டார் சத்தத்துக்கு மேல பேசணும்லா? கத்துனா ஒண்ணும் வெளங்காது. நிதானமாச் சொன்னாத்தான் கேக்கும்.”

ஆக, நான் எழுதினேன், அவள் வாசித்தாள். ஓவியத்தில் மூன்றாம் பரிசு வாங்கியவள், கோ-கோவில் அரையிறுதி போனவர்கள், திருமறைத் தேர்வில் முதல் இடம், எல்லார் பெயரும் அவள் வாயால்தான் பள்ளிக்குத் தெரிந்தது. அவள் வாசித்தால் மூன்றாம் பரிசும் ஒரு பெரிய சங்கதியாகக் கேட்கும். எனக்கும் எழுதுவதில் கொஞ்சம் ருசி திரும்பி வந்தது என்று சொல்ல வேண்டும். பிளஸ் ஒன்னில் படிக்கும்போது ஒரு நாள் தாளை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“டீச்சர், இதுல என் பேரு என்னைக்காவது வருமா?”

“அக்கவுண்டன்சில பாசாகு. நானே எழுதுதேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். அவளுக்கு மற்றப் பாடங்கள் எப்படியோ ஓடிவிடும். கணக்குப்பதிவியல் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. இருப்புநிலைக் குறிப்பு என்று ஒன்று போடச் சொல்வார்கள், இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். “நான் போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாவே வர மாட்டேங்கு டீச்சர்” என்பாள். எனக்கும் வராது. தமிழ் படித்தவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மதிப்பெண் பட்டியல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அந்த நியூஸ் வாசிக்கிற பிள்ளைய என்ன செய்ய, டீச்சர்?”

“என்ன செய்யணும்?”

“பாசாகாது. இந்த ஒரு பிள்ளையால நூறு போயிரும். அப்பாவக் கூப்பிட்டுச் சொல்லிருவோம். டீசி வாங்கிக்கிட்டு, அடுத்த வருசம் தனியா எழுதட்டும்.”

வேறு பள்ளிகளில் நடக்காதது ஒன்றுமில்லை. எங்கள் பள்ளியிலும் முன்பு நடந்திருக்கிறது. மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறோம் என்று ஆரம்பித்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு, நூறைக் காப்பாற்றிக்கொள்வோம். எனக்கு அது தெரியும், எல்லாருக்கும் தெரியும். பேசிப் பேசி அலுத்துப்போன விஷயம். அன்றும் நான் மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். லாரியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார், அதிலிருந்து தண்ணீர் சொட்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலைமையாசிரியை சொன்னதை முழுக்கக் கேட்டார். சண்டைக்கு வருவார் என்று நான் நினைத்தேன். வரவில்லை.

“அம்மா, நீங்க சொல்லுதது புரியுது. பள்ளிக்கூடத்துக்குப் பேரு வேணும். ஆனா நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா இது வேற எங்கன போயிப் படிக்கும்? இப்பவே இது அம்மா வேல பாக்குற கம்பெனியில ஆள் கேக்கான். ஒரு மாசம் போயிச் சம்பளத்தக் கையில வாங்கிட்டுன்னா, அப்புறம் புஸ்தகத்தத் தொடாதும்மா. எங்க தெருவுல எத்தன பிள்ளைய அப்படிப் போயிருக்கு. அதான் கேக்கேன்.”

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். லாரியில் தண்ணீர் வீணாகிறதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது பெரிய நியாயம் எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: “மேடம், டிசம்பர்ல ஆண்டு விழா. திருமண்டலத்துல இருந்து பெரியவங்க வாராங்க. இந்தப் பிள்ளை இல்லாட்டா யாரு தொகுத்து வழங்குவா?”

அவர் யோசித்தார். முன்பு ஒரு ஆண்டு விழாவில் ஒரு ஆசிரியையே தொகுத்து வழங்கி, சிறப்பு விருந்தினரின் பட்டத்தைத் தப்பாகச் சொல்லி, அதன் பிறகு தாளாளர் பேசிய பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை. “சரி, ஆண்டு விழா முடியட்டும், பாப்போம்” என்றார். ஆண்டு விழாவுக்கு முன்னாலேயே தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்கள் தேர்வுத் துறைக்குப் போய்விடும், அதற்கப்புறம் எடுக்க முடியாது. அது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் விட்டாரா, விழாவுக்குப் பயந்து விட்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்கிறவரும் இல்லை.

ஆண்டு விழா நன்றாக நடந்தது. நான் எழுதிய ஆண்டறிக்கை நீளமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் நடுநடுவே பேசியதில் விருந்தினர்கள் கொட்டாவி விடவில்லை. அதன்பிறகு கணக்குப்பதிவியல் ஆசிரியை அவளைத் தினமும் சாயங்காலம் உட்கார வைத்தார். சின்ன வயசு ஆசிரியை, கல்யாணமாகி, இங்கே பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையிலிருந்து தினமும் வருகிறவர், பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அரையாண்டில் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. திருப்புதல் தேர்வில் விளிம்பில் வந்து நின்றது.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் ஹால் டிக்கெட் ஜெபம் நடக்கும். பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து தட்டில் வைப்பார்கள், தட்டு பீடத்துக்குப் போகும், குருவானவர் அதன்மேல் கை வைத்து ஜெபிப்பார். கிறிஸ்தவப் பிள்ளைகள்தான் என்றில்லை, எல்லாப் பிள்ளைகளும் வரும். இவளும் வந்தாள். அதற்கு முன்தினமே அவள் அப்பா அதை ஊருக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் காலடியிலும் வைத்து எடுத்திருந்தார். ஓரத்தில் துளசி ஒட்டியிருந்தது. “ரெண்டு எடத்துலயும் சொல்லி வச்சாச்சு டீச்சர்” என்றாள். “அக்கவுண்டன்சி டீச்சர்ட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு” என்றேன்.

மே மாதம் வந்தது. பேனர் விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

தேர்வு முடிவு வரும் நாளில் ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளும் பேனர் அடிக்கிற கடைக்கு ஓடும். மத்தியானத்துக்குள் பேனர் தொங்கினால்தான் சேர்க்கைக்கு அலைகிற பெற்றோர் கண்ணில் படும். சாயங்காலம் தொங்கினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம். முடிவு வருவதற்கு முன்னாலேயே, ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று கொட்டை எழுத்தில் அடித்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, நடுவில் மூன்று வெள்ளை வட்டங்களை விட்டு வாங்கி வைத்துவிடுவோம். முடிவு வந்ததும் முதல் மூன்று பிள்ளைகளின் படத்தை ஸ்டிக்கராக அடித்து வட்டத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. முந்திக்கொண்டு அடிக்கிறோமே என்று ஒருநாளும் யாருக்கும் தோன்றவில்லை. “விசுவாசத்துல குடுத்திருவோம் டீச்சர்” என்பார் தலைமையாசிரியை. எத்தனையோ வருடம் அந்த விசுவாசம் பலித்தது. இந்த வருடமும் பேனரில் போடவேண்டிய வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ‘சாதனை’ இரண்டு இடத்தில் வந்தது.

முடிவு வந்த காலை, ஆசிரியர் அறையில் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி எல்லாரும் நின்றோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பச்சையில் வந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வேறு நிறத்தில் வந்தது. அவளுடைய வரி, கணக்குப்பதிவியல். அந்தச் சின்ன ஆசிரியை கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் போன் செய்தார். “டீச்சர், பேனரு ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்கு. மூணு போட்டோவ அனுப்புங்க, சட்டுனு ஸ்டிக்கர் அடிச்சி ஒட்டிருதேன்.”

“இந்த வருசம் போட்டோ வேண்டாம் அண்ணாச்சி” என்றேன்.

“பேனரு?”

நான் போனை வைத்துவிட்டேன். ஆட்டோ வந்தது. பேனரை இறக்கி, சுருட்டின சுருட்டு அவிழாமல் சைக்கிள் கொட்டகைச் சுவரோரம் சாத்தினார்கள். மறுநாள், சதவீதம் இல்லாமல், மூன்று படம் மட்டும் போட்டுச் சின்னதாக ஒரு பேனர் தொங்கியது.

அவளுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்துவிட்டாள். “பாத்துட்டேன் டீச்சர்” என்றாள்.  பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவளே கேட்டாள்.

“நூறு போயிட்டுல்லா?”

தோற்ற பிள்ளை கேட்ட முதல் கேள்வி அது.  எங்கள் நூறைப் பற்றிய கவலையையும் அந்தப் பிள்ளை தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறோமே என்று ஆத்திரம் வந்தது. யார்மேல் காட்டுவது? “நூறு கெடக்கட்டும் ஏளா. துணைத் தேர்வு இருக்கு, எழுது” என்றேன். சரி என்றாள். அவள் அம்மா, ஜூலை வரைக்கும்தான் பார்ப்பேன், அதற்கப்புறம் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அதையும் அவளே சொன்னாள், குற்றம் சொல்கிற மாதிரி அல்ல, செய்தி சொல்கிற மாதிரி.

அந்த மாதம் கடைசியில் பள்ளித் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரியில் அவள் அப்பா வந்தார். குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். சைக்கிள் கொட்டகையைக் காட்டினார்.

“டீச்சர், அந்த பேனரு சும்மாத்தான கெடக்கு? எடுத்துக்கிடட்டா?”

“அண்ணாச்சி, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?”

“தெரியும். அப்ளிகேசன் போட வந்தன்னைக்கு பிள்ளை விரிச்சிப் பாத்திருக்கு. அதுதான் சொல்லிச்சி. நல்ல கெட்டித் துணி டீச்சர். வீட்டு முன்னால வெயிலு கொளுத்துது. அது ஒக்காந்து படிக்க ஒரு நெழலு வேணும்லா?”

தலைமையாசிரியையிடம் கேட்டேன். “கண்ணுல படாம எங்கயாவது போனாச் சரி” என்றார். பேனர் லாரியின் மேலே ஏறிப் போயிற்று.

பள்ளி திறந்த நாள். புதிதாகச் செய்தி வாசிக்க ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பழக்கியிருந்தேன். மேடை ஏறிய அந்தப் பிள்ளை, ‘வணக்கம்’ என்பதோடு அழ ஆரம்பித்துவிட்டது. வராண்டாவில் இவள் நின்றுகொண்டிருந்தாள், சீருடை இல்லாமல், சாதாரணச் சுடிதாரில். மணி அடிப்பதற்கு முன்னால் கணக்குப்பதிவியல் ஆசிரியையிடம் பாடம் கேட்க வந்தவள். நான் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து, அந்தப் பிள்ளையின் கையிலிருந்து தாளை வாங்கி, முதுகில் லேசாகத் தட்டி இறக்கிவிட்டு, ஒலிபெருக்கியிலிருந்து ஒரு எட்டுப் பின்னால் நின்றாள்.

அப்போதுதான் தாளில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கு நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்க முடியாது, முழங்கால் அப்படி. உலகம் போயிற்று, நாடு போயிற்று, விளையாட்டு போயிற்று. “பள்ளிச் செய்தி” என்றாள். “பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நம் பள்ளியில் தேர்வு எழுதியவர்களில் ஒருவர் நீங்கலாக அனைவரும் தேர்ச்சி பெற்றுச் சாதனை படைத்துள்ளனர்.”

நிறுத்தினாள். தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். அதே நிதானக் குரலில் சொன்னாள்: “அந்த ஒருவர் நான்தான். துணைத் தேர்வு எழுத இருக்கிறேன். செய்திகள் நிறைவடைந்தன.”

 பிள்ளைகளுக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உடற்கல்வி ஆசிரியை சட்டென்று ‘அட்டேன்ஷன்’ சொல்லி நாட்டுப்பண்ணுக்குப் போய்விட்டார். முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

“நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் தேய்த்தார். “நல்லா வாசிக்கா” என்றார். அவ்வளவுதான்.

துணைத் தேர்வு முடிவு ஜூலை கடைசியில் வந்தது. அதற்கு யாரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்பதில்லை. இடைவேளையில் நான் போனில் தேடிப் பார்த்தேன். தேறிவிட்டாள். பெரிய மதிப்பெண் இல்லை, விளிம்புக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சின்ன ஆசிரியையிடம் காட்டினேன். இந்தத் தடவை கைக்குட்டை இல்லாமலே அழுதார். நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

“நாளைக்குப் பள்ளிச் செய்தியில போடட்டுமா மேடம்? இப்பம் எல்லாரும் பாஸ். நூறுதான்.”

அவர் சந்தோஷப்பட்டார், அதில் பொய் இல்லை. ஆனால் தலையை ஆட்டினார். “துணைத் தேர்வு கணக்குல வராது டீச்சர். அதப் போட்டா மே மாசம் போனத நாமளே எடுத்து ஊருக்குக் காட்டுன மாதிரி ஆயிரும். ரிசல்ட் சரியில்லன்னு ஏற்கெனவே தாளாளர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க. விடுங்க.”

நான் விட்டேன். வாதாடத் தெம்பில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேரைச் சாதனையாளராக எழுதிய கைக்கு, இந்த ஒரு வரி எழுத அனுமதி இல்லை. கோபம்கூடச் சரியாக வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறினேன். இறங்குகிற இடத்தில் ஒரு மிட்டாய்க் கடையில் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டேன்.

ஆடி மாதக் காற்று. தெருவில் மண் சுழன்று கண்ணில் அடித்தது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, பேனர் சடசடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது. வீட்டு முன்னால் நாலு கம்பு நட்டு, எழுத்து கீழ்ப்பக்கம் தெரிகிற மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் நிழலில் அவளும் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அம்மா ஷிப்டு முடிந்து வந்து கையில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தார், இறால் வாடை போக.

நான் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே, நான் எழுதிக் கொடுத்த ‘நூறு சதவீதத் தேர்ச்சி’. கீழே மூன்று வெள்ளை வட்டங்கள். நடு வட்டத்தில் ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த அவளுடைய சின்னப் படம் ஒட்டியிருந்தது. அவ்வளவு பெரிய வட்டத்தில் அது தபால் தலை மாதிரி தெரிந்தது.

“காலையில ரிசல்ட் பாத்த ஒடனே ஒட்டுனேன் டீச்சர்” என்றார் அப்பா. “நீங்க மூணு பிள்ளைய ஒட்டுவீங்கல்லா? எங்க வீட்டுல ஒண்ணுதான். மத்த ரெண்டும் சும்மா கெடக்கட்டும்.”

அம்மா எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். “கம்பெனியில கேட்டான். வராதுன்னு சொல்லிட்டேன்” என்றார், வேறு எதையும் சொல்லாமல். காலேஜில் இன்னும் இடம் இருக்கிறதாம், நாளைக்கு லாரிக்கு லீவு போட்டுவிட்டு அப்பா கூட்டிக்கொண்டு போகிறாராம்.

அவள் மேலே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “டீச்சர், இப்பம் இதுல பொய் ஒண்ணும் இல்லல்லா?”

“இல்ல” என்றேன்.

“நியூஸ்ல என் பேரு வருமா நாளைக்கு?”

இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டேதான் வழி முழுக்க வந்தேன். வராது என்று சொன்னேன். காரணமும் சொன்னேன். அவள் முகம் வாடியதா என்று பார்த்தேன். வாடத்தான் செய்தது, ஒரு நொடி. பிறகு கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து அதிலிருந்த தாளை நீவி என்னிடம் நீட்டினாள்.

“எழுதுதது நீங்க, வாசிக்கது நான். இன்னைக்கு நீங்க வாசிங்க டீச்சர்.”

தாளில் எண்ணெய்க் கறையைத் தவிர ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்தி எழுதியிருக்கிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை. எனக்குக் கூட்டத்தைக் கண்டால் தொண்டை கட்டிக்கொள்ளும், அதனால்தான் பிள்ளைகளை வாசிக்க விடுகிறேன் என்பது யாருக்கும் தெரியாது. இங்கே கூட்டம் மூன்று பேர். ஸ்டூலிலிருந்து எழுந்தேன். பேனர் தலைக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் செய்வதுபோல் ஒரு எட்டுப் பின்னால் போய், காற்று கொஞ்சம் அடங்கும்வரை நின்றேன்.

“பள்ளிச் செய்தி” என்றேன்.

அவள் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு. அப்பா கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நின்றார். அம்மா எலுமிச்சைத் தோலைக் கீழே வைத்தார். தேர்ச்சி பெற்றுள்ளார் என்று முடிக்க வேண்டும், அதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. வாக்கியம் பாதியில் நின்றது.

“என்பது குறிப்பிடத்தக்கது” என்று அவள் முடித்தாள்.